இஸ்திரி அக்காவின் குடை

ஓட்டலின் பின்பக்கம், துணி மடிக்கும் அறையில்தான் இங்கிலீஷ் வகுப்பு. விருந்தாளி ஏதாவது கேட்டால் யாரும் திருதிருவென்று முழிக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. பாடம் எடுப்பவள் ரிசப்ஷன் பெண். வயதில் எல்லோருக்கும் இளையவள், அதட்டலில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. புத்தகமெல்லாம் கிடையாது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக் காட்டி "யாரோடது?" என்பாள். பதில் வந்ததும் பலகையில் எழுதுவாள்.

இஸ்திரி அக்கா அன்று கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சட்டைப் பையில் கிடக்கும் பொத்தானைக்கூட உறையில் போட்டு உரியவருக்கு அனுப்பி வைக்கிறவள் என்று பெயரெடுத்தவள். இப்போது அவள் காலடியில் கிடந்த கறுப்புக் குடை அவளுடையதல்ல. போன வாரம் அழுக்குப் போர்வைகளோடு சுருண்டு வந்தது. அன்றைக்கு வெளியே அடைமழை. ஒரு நாள் பிடித்துக்கொண்டு போய் மறுநாள் ஒப்படைத்துவிடலாம் என்று எடுத்துப் போனாள்.

மறுநாள் அவள் வருவதற்குள் குடையைக் காணோமென்று குடைக்காரர் போன் செய்துவிட்டார். அவர் தங்கியிருந்த அறையைச் சுத்தம் செய்தவள், மாடி அறைகளைப் பெருக்கித் துடைக்கும் மாடித் தங்கச்சி. மேனேஜர் அவளுடைய பெட்டியை எல்லோர் முன்னாலும் கவிழ்த்துக் கொட்டினார். ஒரு சீப்பு, மாற்றுத் துணி, பாதி சோப்பு. அக்கா பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அப்புறம் தங்கச்சி தேம்பித் தேம்பி அழுதபோது கண்ணைத் துடைத்துவிட்டவளும் அவள்தான். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

இன்றைக்கு வகுப்பு முடிந்ததும் குடையைச் சத்தமில்லாமல் ரிசப்ஷன் அலமாரியில் வைத்துவிட்டு நழுவிவிடுவதாகத் திட்டம்.

"எஸ்ஸுக்கு முன்னாடி ஈ உக்காந்தா ஒருத்தரோடது. பின்னாடி உக்காந்தா பல பேரோடது," என்று டீச்சர் பலகையில் எழுத்துக்கு மேலே ஈ மாதிரி ஒட்டியிருந்த அபாஸ்ட்ரஃபியைத் தட்டினாள்.

"அப்ப இந்த ரூம்ல இருக்குற கொசு?" என்றார் சமையல்காரர்.

"அது நம்ம எல்லாரோடதும். ஈயைப் பின்னாடி உக்கார வைங்க."

சிரிப்பு அடங்குமுன் டீச்சர் கடைசி பெஞ்சுக்கு வந்து குனிந்து குடையை எடுத்துவிட்டாள். "இது யாரோடது?"

பக்கத்தில் இருந்த மாடித் தங்கச்சி முந்திக்கொண்டாள். "எங்க அக்காவோடது!"

'அக்காஸ் அம்பரெல்லா' என்று பலகையில் விழுந்தது.

"சரிதானேக்கா?" என்றாள் டீச்சர்.

தலையாட்டினால் போதும். வேலை தப்பும், மானம் தப்பும். தங்கச்சி மேல் விழுந்த பழி மட்டும் அப்படியே கிடக்கும். ஆனால் அந்தப் பிள்ளை வாய் நிறைய 'எங்க அக்கா' என்றதை அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து போனாள். 'அக்கா'வை மட்டும் துணியால் அழித்தாள். ஈயையும் எஸ்ஸையும் விட்டுவைத்து, அதற்கு முன்னால் 'கெஸ்ட்' என்று கோணல்மாணலாக எழுதினாள். திரும்பத் தைரியமில்லாமல் பலகையைப் பார்த்தபடியே நின்றாள்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. குடையை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

மாடித் தங்கச்சி படிப்பில் கொஞ்சம் நிதானம். எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். "கெஸ்ட்... ஸ்... அம்பரெல்லா! சரியாப் படிச்சேனாக்கா?"

"சரியாத்தான் படிச்சே," என்றாள் அக்கா. முகம் தீயாய் எரிந்தது.

பின்னாலிருந்து மறுபடியும் தங்கச்சியின் குரல் கேட்டது.

"அப்ப... அன்னிக்கு என் கண்ணைத் துடைச்சீங்களேக்கா?"