பூட்டு உள்ளயா, வெளியயா?

கொல்லிமலை எடப்புளி நாட்டுக் கலைமணிக்கு ஒரு பனியன் வாங்கத் துப்பில்லை என்று அவள் புருஷன் அப்பாசாமி ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். எந்த ஜவுளிக்கடைக்குப் போனாலும் விலை கேட்பதற்கு முன்னால் அவள் இதைத்தான் கேட்பாள்: "இது தைக்கிற எடத்துல கேட்டுக்குப் பூட்டு உள்ளயா, வெளியயா?"

கடைக்காரர் முழிப்பார். கலைமணி எழுந்து வந்துவிடுவாள். இப்படியே ஒரு வருஷம் போனதில் அப்பாசாமியின் பழைய பனியனில் துணியைவிட ஓட்டை அதிகமாகிவிட்டது. தலையை எதில் நுழைப்பது என்று தினமும் காலையில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

கலைமணி சும்மா கேட்கவில்லை. பத்தொன்பது வயதில், தையல் கற்றுத் தருவதாகச் சொன்ன புரோக்கரை நம்பி மலையிறங்கியவள் அவள். போய்ச் சேர்ந்தது ஒரு மில். ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு, சாவி வாட்ச்மேன் இடுப்பில். காய்ச்சலானாலும் வேலைதான். பதினாலு மாசம் கழித்து அவள் அப்பா ஊராரோடு போய்க் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கத்திய பிறகே வெளியே விட்டார்கள்.

போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் காளப்பநாயக்கன்பட்டியில் முருகானந்தத்தின் ஜவுளிக்கடைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததுமே அப்பாசாமி ஒரு புதுப் பனியனைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். மாட்டியதை யார் கழற்றச் சொல்லிவிடுவார்கள் என்ற தைரியம்.

கலைமணி தன் கேள்வியைக் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, எனக்கெப்படித் தெரியும்? கம்பெனிக்காரனையே கேட்டுக்கங்க" என்று முருகானந்தம் எரிச்சலோடு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினார்.

"உங்க கேட்டுக்குப் பூட்டு உள்ளயா, வெளியயா?" அவள் குரல் அதட்டலாகவே வந்தது.

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம். "மேடம்... எந்த ஆபீஸ்லேர்ந்துங்க மேடம்? வெளியதாங்க, எல்லாம் பாதுகாப்புக்குத்தான். இன்னிக்கே தொறந்துடறோம் மேடம். பதினோரு பிள்ளைங்களோட செல்போனையும் குடுத்துடறோம். அந்தக் கொல்லிமலைப் பிள்ளை மட்டுந்தான் ஊருக்குப் போவணும்னு அழுதுட்டே இருக்குதுங்க..."

அப்பாசாமி சத்தமில்லாமல் பனியனைக் கழற்றி, வைத்த இடத்தைவிட ரெண்டடி தள்ளி வைத்தார்.

முருகானந்தம் போனை வைத்தார். கம்பெனி விலாசமிருந்த பில்லை எடுத்துக்கொண்டார், கடையைப் பூட்டினார், கலைமணியோடு நேராகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். மறுநாளே அதிகாரிகள் போய்ப் பதினோரு பெண்களையும் வெளியே கொண்டுவந்தார்கள். சரக்கு மூட்டை கம்பெனிக்கே திரும்பியது. விஷயம் கேள்விப்பட்டு அந்தத் தெருவில் இன்னும் ரெண்டு கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். "வாங்க ஆளில்லைன்னா எதுக்குங்கக்கா பூட்டி வெச்சுத் தைக்கப் போறான்?" என்றார் முருகானந்தம். அதன்பிறகு அவரே எல்லோரையும் விசாரிக்க ஆரம்பித்து, ஊறுகாய் விற்க வந்தவரிடமும் பூட்டைப் பற்றிக் கேட்டு அவரை ஓடவிட்டார்.

அந்த மலைப் பெண் பைல் நாட்டு ஆர்த்தி. அவள் அம்மா பழனியம்மாள், துணைக்குக் கலைமணியையும் கூட்டிக்கொண்டு போய் மகளை அழைத்து வந்தாள். மலையேறும் பஸ்ஸில் ஆர்த்தி கண்டக்டரைக் கேட்டாள்: "அண்ணா, நெனச்ச எடத்துல எறங்கலாமுங்களா?"

"எறங்கிக்க கண்ணு."

ஒன்பதாவது வளைவில் இறங்கினாள். சுற்றிப் பார்த்தாள், ஏறிக்கொண்டாள். பதினாறாவது வளைவில் மறுபடியும்.

"வாந்தி வருதா சாமி?"

"இல்லீங்ணா. சும்மாதான்."

இருபத்தேழாவது வளைவில் பஸ்ஸே முணுமுணுத்தது. கலைமணி எழுந்து நின்றாள். "எறங்கட்டும் உடுங்க. நானும் எறங்கறேன்." பின்னாலேயே பழனியம்மாள் இறங்கினாள். என்னவோ ஏதோ என்று மற்றவர்களும் இறங்கினார்கள். ஆர்த்தி தடுப்புச் சுவரில் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு சிரித்தாள். கடைசியில் டிரைவர்தான் ஆளாளாகக் கெஞ்சி எல்லோரையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது.