விசில் நின்ற வெள்ளிக்கிழமை

மகளுக்கு அப்போது ஏழு வயது. பனி தொடங்கினால் அவள் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். சளி கட்டியிருக்கிறது, ஈரத் தலைதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனம் வராது. அதனால் குளிப்பாட்டியதும் அவள் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவேன். நெய்வேலியில் தணலுக்கா பஞ்சம்? எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டு அடுப்பிலும் நிலக்கரிக் கட்டிதான் எரிந்தது. இழுப்பு கூடக் கூடப் புகையையும் கூட்டினேன். பிடிவாதத்தில் என்னை மிஞ்ச அந்த பிளாக்கில் ஆள் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்கு இழுப்பு. புகை வீணாகக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தினேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குழி உள்ளே போனது. ஒரு வார்த்தை சொல்ல ஒரு மூச்சு தேவைப்பட்டது. கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது. சளி இளகிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இன்னும் ஒரு பிடி சாம்பிராணி தூவினேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர்தான் அவள் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் கேரியரில் உட்கார, ஆஸ்பத்திரிக்கு சைக்கிளை மிதித்தார்.

ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்த பிறகு விசில் திரும்பவும் கேட்டது. நான் பதறினேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நுரையீரலுக்குள் இருக்கிற மூச்சுக் குழாய்கள் உட்புறம் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, போதாததற்குச் சளியும் அடைத்துக்கொள்ளுமாம். இழுத்த காற்றை வெளியே விட முடியாமல்தான் பிள்ளை தவிக்குமாம். அந்தச் சந்தில் காற்று நுழைந்து வருகிற சத்தம்தான் விசில்.

"விசில் நின்னுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு எப்பவும் நினைக்காதீங்கம்மா. காத்தே போகலைன்னும் அர்த்தம் இருக்கு."

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கணவர் கம்பெனி கொடுத்த மெடிக்கல் புக்கோடு வெளியே பதிவு வரிசையில் நின்றிருந்தார்.

"வீட்ல புகை ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

இல்லை என்றேன். பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிள்ளையின் தலை முழுக்கச் சாம்பிராணி மணந்துகொண்டிருந்தது. டாக்டர் குனிந்து அவளிடம், "அப்படியா பாப்பா?" என்றார்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா டாக்டர். எங்க அம்மா போட மாட்டாங்க."

திரும்பக் கிடைத்த மூச்சில் அவள் முதலில் பேசியது என் பொய்யைத்தான்.