நாலாவது அட்டை வீடு

கட்டடக்கலை படிக்கும் தங்கை, ஓர் அலுவலகத்தில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்தாள். கட்டப்போகும் வீடுகளுக்கு அட்டையை வெட்டி ஒட்டி மாடல் செய்வது அவள் வேலை. ஜன்னல் அளவுகூட இம்மி பிசகாது. அதைக் காட்டித்தான் முதலாளி வாடிக்கையாளர்களைப் பிடித்தார்.

"ஏன்டி சும்மா உழைக்கிற?" என்று பொரிந்தாள் அக்கா.

"கத்துக்கிறேன்க்கா."

"மூணு வீடு முடிச்சாச்சு. இன்னுமா கத்துக்கிற? அவ்வளவு மக்கா நீ?"

தங்கைக்குச் சிரிப்பு வந்தாலும் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. சம்பளம் கேட்டால் சான்றிதழ் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் வேறு.

மறுநாள் முதலாளி நாலாவது வீட்டின் வரைபடத்தை நீட்டினார். அவள் அதை வாங்காமலே சொன்னாள்: "சார், இதுல நான் புதுசா என்ன கத்துக்கணும்? ஒண்ணும் இல்லன்னா இது பயிற்சி இல்ல, வேலை. வேலைன்னா சம்பளம் வேணும்."

முதலாளி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக எதுவும் அகப்படவில்லை. தலையைச் சொறிந்தார்.

"சரிம்மா, இந்த மாசத்துலேர்ந்தே சம்பளம் போட்டுடறேன். சான்றிதழும் உண்டு. மாடலை மட்டும் சீக்கிரம் முடி."

அன்று சாயங்காலம் அக்கா போட்ட ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரரே மேலே ஏறி வந்துவிட்டார்.

"என்னம்மா சத்தம்?"

"என் தங்கச்சி சம்பளக்காரி ஆயிட்டா! உள்ள வாங்க!"