மூன்றாவது பட்டை

அவரைச் சார்ஜென்ட் என்று சொல்வதா, கார்ப்பரல் என்று சொல்வதா என்பதில்தான் தகராறே. சார்ஜென்ட் என்றால் சட்டைக் கையில் மூன்று பட்டை, கார்ப்பரல் என்றால் இரண்டுதான். தெருவே முப்பது வருஷமாகச் சார்ஜென்ட் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகு அவர் பஸ் பணிமனையில் டயர் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். அங்கே டயர்கள்கூட அளவு பார்த்து வரிசையில்தான் நிற்க வேண்டும். மெக்கானிக்குகள் கையில் டீ டம்ளரோடு உள்ளே நுழைந்தால் அவர் தொண்டையைச் செருமுவார். டம்ளர் வெளியே போய்விடும். அவரைப் பார்த்து யாரும் பயந்து நடுங்கியதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனுஷன் அவ்வளவு நம்பிக்கையோடு உத்தரவு போடும்போது எதிர்த்துப் பேசச் சங்கடமாக இருக்கும், இல்லையா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அந்தக் குணம் போகவில்லை. தெருவில் யாராவது வீடு மாறினால், லாரியில் எந்தச் சாமான் முதலில் ஏற வேண்டும் என்று சொல்ல அவர் போய் நின்றுவிடுவார். கூப்பிட்டார்களா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

போன மாதம் முன்னாள் படைவீரர் சங்கத்தில், புதுக் கட்டடத்தின் வாசல் சுவரில் எல்லாருடைய பெயரையும் பதவியோடு கல்லில் வெட்டி வைப்பதென்று முடிவானது. வாயால் சொல்வதை நம்பினால் ஆளாளுக்கு ஜெனரலாகிவிடுவார்கள் என்று, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிக் கல்வெட்டுக்காரரை வீடு வீடாக அனுப்பினார்கள். சார்ஜென்ட் பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "மூணு பட்டை. எழுத்து நல்லாப் பெருசா இருக்கட்டும்" என்றார்.

கல்வெட்டுக்காரர் ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார்ஜென்ட் சார், இதுல கார்ப்பரல்னு இருக்கே?"

"எதுல?"

"உங்க புத்தகத்துலதான்."

"நல்லாப் பாருய்யா. வேற யாரோடதாவது எடுத்து வச்சிருப்பே."

"போட்டோ உங்களுதுதான் சார். மீசை மட்டும் கறுப்பா இருக்கு."

சார்ஜென்ட் பிடுங்கிப் பார்த்தார். கார்ப்பரல் என்றுதான் இருந்தது. அடித்துத் திருத்தியதாகவும் இல்லை, பளிச்சென்று இருந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கிய அன்று அவருக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். பிறகு பென்ஷனுக்குக் கேட்டதெல்லாம் பட்டாள நம்பரை மட்டும்தான். தான் யார் என்று தெரிந்துகொள்ள எவனாவது புத்தகத்தைத் திறந்து பார்ப்பானா?

அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்ப எங்கப்பா என்னை யாருக்குக் கட்டிக் குடுத்தாரு? சார்ஜென்ட் மாப்பிள்ளை, சார்ஜென்ட் மாப்பிள்ளைன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பட்டை போனால் போகட்டும். முப்பது வருஷமாக ஒரு பொய்யனோடு குடித்தனம் நடத்தியதாக இவள் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டால்கூட அவரால் தாங்க முடியாது. "எழுத்தர் பண்ணின கூத்து இது. திருத்திக்கிட்டு வர்றேன்" என்றார். அடுத்த வாரம் உளியை எடுத்துவிடுவேன், அதற்குள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கல்வெட்டுக்காரர் போனார்.

ராணுவ ஆவண அலுவலகத்தில் முதல் ஜன்னலில் இரண்டாவது ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவதில் மாடிக்குப் போகச் சொன்னார்கள். மாடியில் இருந்தவர், கீழே முதல் ஜன்னலில் கேட்டீர்களா என்றார். ஒரு பட்டாளத்தையே நேராக நிறுத்தத் தெரிந்த மனுஷனை அந்த ஜன்னல்கள் பம்பரமாகச் சுற்றவிட்டன. கடைசியில் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்திருந்த பெண் எழுத்தர்தான் அவரை உட்கார வைத்து, உள்ளே போய் அவருடைய காகிதக் கட்டைத் தேடி எடுத்து வந்தாள். பொறுமையான பெண். அதனாலேயே அவள் சொன்ன சேதி இன்னும் மோசமாகக் கேட்டது.

"ஐயா, உங்களுக்குக் குடுத்தது தற்காலிகப் பதவி. முன்னாடி இருந்த சார்ஜென்ட் மாத்தலாகிப் போனதும் அந்த எடத்துல உங்களைப் போட்டிருக்காங்க. உறுதி பண்ணல."

"நான் உறுதியாத்தானேம்மா இருந்தேன்."

"நடுவுல ஆஸ்பத்திரியில இருந்தீங்களா?"

"மஞ்சள் காமாலை. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"தற்காலிகப் பதவியில இருக்கறவங்க மூணு வாரத்துக்கு மேல ஆஸ்பத்திரியில படுத்தா, பதவி தானா விழுந்துடும். அப்ப இருந்த விதி அது. உங்க எடத்துக்கு உடனே வேற ஒருத்தர் வந்துட்டாரு."

"திரும்பி வந்து ஒன்றரை வருஷம் நான்தாம்மா சார்ஜென்ட்! நான்தான் காவல் போட்டேன், நான்தான் ஆளுங்களை அனுப்பினேன். என் கையில மூணு பட்டை இருந்துச்சு!"

"இருந்திருக்கலாம் ஐயா. காகிதத்துல இல்லீங்களே." அவள் கட்டைத் திருப்பி, இன்னொரு பெயரின் மேல் விரலை வைத்தாள்.

நெட்டையின் பெயர்.

நெட்டை அவருடைய பிரிவில் இருந்த கார்ப்பரல். அதாவது கார்ப்பரல் என்றுதான் இவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு காவல் நின்றவர்கள், இப்போது ஒரே சங்கத்தில் இருப்பவர்கள். இன்றைக்கும் நெட்டை ஃபோன் பண்ணினால் முதல் வார்த்தை "சார்ஜென்டு, எப்படி இருக்கே?" என்பதுதான்.

"அந்த வேலையை நீங்கதான் செஞ்சீங்கன்னு இவர் கையெழுத்துப் போட்டா திருத்த வழி இருக்கு" என்றாள் எழுத்தர். "ஆனா ஒரு பிரிவுக்கு ஒரு சார்ஜென்ட்தான் ஐயா. உங்களுக்கு ஏத்தினா அவருக்கு இறக்கிடுவாங்க. யோசிச்சுச் செய்யுங்க."

மனுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் நேராக நெட்டையின் ஊருக்குப் பஸ் ஏறினார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தும் வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. நெட்டை தன் காலை வாரிவிட்டானா? அப்படியென்றால் ஏன் ஒன்றரை வருஷம் தன் பேச்சைக் கேட்டு ஓடினான்? இல்லை, தான்தான் அடுத்தவன் பட்டையைத் தைத்துக்கொண்டு திரிந்தோமா? அப்படியென்றால் முகாமில் ஒருத்தன்கூடவா வாயைத் திறக்கவில்லை? சம்பளத்தில் அப்போது கொஞ்சம் குறைந்ததும் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிடிக்கிறார்கள் என்று இவராகவே முடிவு பண்ணிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அப்போது அவர்கள் இருந்த மலைமேல் முகாமுக்கு மேலதிகாரிகள் சோதனைக்கு வரப்போகிறபோதெல்லாம் நெட்டை வந்து, மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, கீழே போய்ச் சண்டை போட்டு வாங்கி வர உன்னை விட்டால் ஆள் இல்லை என்பான். இவரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு மலையிறங்குவார். திரும்பி வருவதற்குள் சோதனை முடிந்திருக்கும். எந்த முகாமிலாவது சோதனைக்கு முந்தின நாள் பார்த்து, சொல்லி வைத்த மாதிரி மண்ணெண்ணெய் தீருமா? அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றித் தொலைத்தது.

நெட்டை கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிற கடை வைத்திருந்தார். கடை முழுக்க ரெக்ஸின் வாடை. நெட்டை மெஷினில் குனிந்திருக்க, அவர் மனைவி தரையில் உட்கார்ந்து ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே! ஒரு ஃபோன் பண்ணிட்டு வரக் கூடாதா?" என்று எழுந்தாள்.

"வா சார்ஜென்டு" என்றார் நெட்டை.

"அப்படிக் கூப்பிடாதே" என்று சார்ஜென்ட் மனுத்தாளை மெஷின் மேல் விரித்தார்.

நெட்டை படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. காலை மிதியிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார்.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"உன் புருஷன் சார்ஜென்டும்மா" என்றார் சார்ஜென்ட்.

அவள் சிரித்துவிட்டாள். "இவரா? எங்க வீட்டுப் பூனைகூட இவர் பேச்சைக் கேக்காதுண்ணே."

"சிரிக்காதே தங்கச்சி. காகிதத்துல அப்படித்தான் இருக்கு. நான்தான் ஒண்ணுமில்ல." அவர் நெட்டை பக்கம் திரும்பினார். "ஏன்டா சொல்லல? ஒன்றரை வருஷம் முகாமே சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கினீங்களாடா?"

நெட்டை கத்தரிக்கோலை எடுத்தார், கீழே வைத்தார். பேசத் தெரியாத மனுஷர் அவர். எதையும் கையால் செய்துதான் பழக்கம்.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப எனக்கு உத்தரவு வந்துச்சு. நம்ம டெய்லர் பட்டை தைச்சுக் குடுத்தான். அப்புறம் ஜீப் டிரைவர் வந்து சொன்னான், ஈரல் போயிடுச்சு, ரெண்டு மாசம் தாங்காதுன்னு டாக்டர் பேசிக்கிட்டிருந்ததைக் கேட்டேன்னு. அவன் யாரைப் பத்திக் கேட்டுட்டு வந்தானோ, தெரியாது. நாங்க உன்னைத்தான்னு நெனச்சோம்."

"எனக்கு யாரும் சொல்லலியே!"

"சாகப் போறவன்கிட்ட யாரு சொல்லுவா? நீ ஜீப்பை விட்டு எறங்கினே. கண்ணு ரெண்டும் மஞ்சள். சட்டை தோள்ல நிக்கல. எறங்கினதும் எறங்காததுமா, கூடாரக் கயிறு ஏன்டா தொளதொளன்னு இருக்குன்னு கத்தினே. உன் கையிலயும் மூணு பட்டை, என் கையிலயும் மூணு பட்டை. நான் கையைப் பின்னால மறைச்சுக்கிட்டு உள்ளே ஓடிப் போயி பிளேடால பிரிச்சேன். உன் பட்டை போச்சுடான்னு எந்த வாயால சொல்றது? இருக்கற வரைக்கும் சார்ஜென்டாவே இருந்துட்டுப் போகட்டும், ரெண்டு மாசம்தானேன்னு லெப்டினன்ட்கிட்ட கெஞ்சினேன். வேலை நடந்தா சரின்னு விட்டுட்டாரு. சோதனைன்னா மட்டும் பட்டையை எடுத்து ஒட்டுத் தையல் போட்டுக்குவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீ சாகவே இல்ல."

நெட்டையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு மாசம் போச்சு, நாலு மாசம் போச்சு. கண்ணு வெளுத்துச்சு. என் ரொட்டியையும் சேர்த்துத் தின்னே. இன்னைக்குச் சொல்லிடணும்னு தெனம் உன்கிட்ட வருவேன். நீ வாயைத் திறக்க விடாம ஏதாவது வேலை குடுத்து அனுப்பிடுவே. அப்புறம் ஊருக்கு வந்தாச்சு, உனக்குக் கல்யாணம் ஆச்சு. அதுக்கு மேல எங்கே சொல்றது?"

சார்ஜென்டுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் அழுகையாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார், யார் மேல் கோபித்துக்கொள்வது என்று பிடிபடவில்லை. உயிரோடு இருந்ததற்கு மன்னிப்புக் கேட்பதா? பிழைத்துக்கொண்டதை இவ்வளவு பெரிய தப்பாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

நெட்டை பேனாவைத் தேடி எடுத்துவிட்டார். "எங்கே போடணும்?"

"போட்டா உன்னை எறக்கிடுவாங்கடா."

"எறக்கட்டும். முப்பது வருஷமா எறங்கித்தானே இருக்கேன்? சீட்டு தைக்கறவனுக்குப் பட்டை எதுக்கு? போடவா, வேண்டாமா? நீ சொல்லு."

அந்த நெட்டை உடம்பு, பேனாவும் கையுமாக, அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. உத்தரவுக்குக் காத்து நிற்கிறான் என்று சார்ஜென்டுக்குப் புரிந்தது. இப்போதும்! ஆயுசு முழுக்க உத்தரவுக்குப் பஞ்சமே இல்லாத மனுஷனுக்கு அப்போது பார்த்து ஒரு வார்த்தை எழும்பவில்லை. மனுத்தாளை இழுத்து மடித்தார். மடித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் நெட்டையின் மனைவி கையில் கொடுத்தார். பிறகு ஃபோனை எடுத்துக் கல்வெட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"என் பேருக்கு முன்னால கார்ப்பரல்னே வெட்டிடுய்யா. நெட்டை பேருக்கு முன்னால சார்ஜென்ட்னு போடு."

"அவர் கார்ப்பரல்னு போடச் சொன்னாரே சார்? புத்தகத்தைக் கேட்டதுக்குக் கரையான் தின்னுடுச்சுன்னாரு. கொறைச்சுச் சொல்றவர்கிட்ட என்ன சந்தேகம்னு நானும் எழுதிக்கிட்டேன்."

சார்ஜென்ட் நெட்டையைப் பார்த்தார். நெட்டை சட்டென்று மெஷினில் குனிந்து, நூல் இல்லாத ஊசிக்கு நூல் கோக்கப் போனார்.

"கரையான் திங்கல. புத்தகத்தை நானே கொண்டாந்து காட்டறேன்."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. கல்வெட்டுக்காரர் எழுதியதை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அப்ப நீங்க சார்ஜென்டா இருந்ததே இல்லையா, சார்ஜென்ட் சார்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்தேன்யா" என்றார். "இவன் இருக்க விட்டான்."