நான் அழித்த சி டிரைவ்

பம்பின் இரும்பு மூடியைத் துணிப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டுதான் பீளமேட்டு அறைக்குப் பஸ்ஸில் வந்தேன். "அளவெடுத்து, எங்க சாஃப்ட்வேர்லயே டிராயிங் போட்டு, திங்கக்கெழமை காலைல கொண்டாங்க தம்பி. சரியா இருந்தா வேலையப் பத்திப் பேசிக்கலாம்" என்று ஒரு பென் டிரைவையும் கொடுத்திருந்தார், அந்தச் சிறிய பம்பு கம்பெனியின் டிசைன் பொறுப்பாளர். அப்பாவும் அம்மாவும் வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிறவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவன்தான். படித்து முடித்து எட்டு மாதமாகச் சும்மா இருந்தேன்.

என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் திணறியதால், ஐ.டி. வேலையில் இருக்கும் அறைத்தோழன் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். பென் டிரைவில் இருந்ததோ விண்டோஸ் புரோகிராம். எத்தனை கிளிக் செய்தும் அசையவில்லை. "கதவத் தட்டுனாப் போதுமா? தொறக்கறதுக்கு உள்ள ஆள் வேணுமல்லடா" என்றான். விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் என்பதை ஏற்றச் சொன்னான். ஏற்றினேன், ஓடியது.

சனிக்கிழமை முழுக்க வரைந்தேன். படம் முடிந்துவிட்டது. ஆனால் மெனுவில் எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. விட்டிருக்கலாம். பொறுப்பாளர் முன்னால் திறக்கும்போதும் இப்படியே வருமோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிறு காலை அம்மா போன் செய்தாள்.

"ஆச்சா கண்ணு?"

"முடிச்சுபோட்டேன்மா."

வைத்த கையோடு இணையத்தில் தேடினேன். வைனின் போல்டரை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினால் சரியாகும் என்று யாரோ எழுதியிருந்தார். அழித்தேன், ஏற்றினேன். எழுத்துகள் பளிச்சென்று வந்தன. படத்தைத் தேடினேன். இல்லை.

சி டிரைவில்தான் சேமித்திருந்தேன். கல்லூரி லேப் பழக்கம். அது போல்டர் எதிலும் சேராத, பத்திரமான இடம் என்று நினைப்பு.

தோழன் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "லினக்ஸ்ல ஏதுடா சி டிரைவு? அந்தப் போல்டருக்குள்ள வைன் கட்டி வெச்சிருந்ததுதான் உன்ற சி டிரைவு. அதையே இடிச்சுபோட்டியே, இஞ்சினீரு!"

"திருப்பி எடுக்க முடியாதா?"

"கமாண்டு அடிச்சு அழிச்சிருக்கற, குப்பைத்தொட்டிலகூட இருக்காது. போனது போனதுதான்."

மூடியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக ஒரு மணி நேரம் போனது. அப்புறம் மறுபடியும் முதல் துளையிலிருந்து அளந்தேன். மத்தியானம் அம்மா கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை என்னிடம் இருந்தது அரைப் படம். முன்பக்கமும் மேற்பக்கமும் மட்டும்.

"மூடிய வெட்டிப் பாத்தாப்ல உள்பக்கம் ஒண்ணு காட்டோணுமே, எங்கீங்க தம்பி?" என்றார் பொறுப்பாளர்.

காய்ச்சல் என்று சொல்வதாகத்தான் பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன். வாய் திறந்ததும் நடந்ததெல்லாம் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"உள்பக்க அளவு எல்லாம் இருக்குதா?"

"ரெண்டு தடவை அளந்ததுங்க. தலைலயே இருக்குதுங்க."

"அப்ப அந்த சிஸ்டத்துல உக்காந்து முடிங்க."

முடித்துவிட்டேன். சேமிக்கும் பெட்டி திறந்தது. விரல் மவுஸின் மேலேயே நின்றது.

"ஏனுங்க சார், இத எங்கீங்க சேவ் பண்றது?"

அவர் எழுந்து வந்து படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு அளவாகப் பார்த்தார். பிறகு, எல்லோரும் பயன்படுத்தும் சர்வர் போல்டரைத் திறந்து காட்டினார். "இதுல போடுங்க. நாளைலருந்து நீங்க போடற டிராயிங் எல்லாம் இதுலதான்."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.