இருபது ராத்தல் தாள்

என் தாய்மாமா திருநெல்வேலி டவுனில் காகிதக் கடை வைத்திருந்தார். பாளையங்கோட்டையில் அப்பா தலைமை வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு வருஷந்தோறும் அவர்தான் தாள் கொடுப்பார். அதை மடித்து நோட்டாகத் தைப்பது அம்மாவும் நானும்.

ஜெர்மன் சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தி, எனக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டு வந்த கட்டைப் பிரித்தபோது தாள் கையில் நிற்காமல் துவண்டது. எழுதினால் மறுபக்கம் மை தெரிந்தது. பழைய கட்டின் உறையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் எடை இருபது ராத்தல் என்றே குறித்திருந்தது. திருட்டைக் கண்டுபிடித்த பெருமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் போதகரும் சபையாரும் நிற்கும்போது உரக்கவே சொன்னேன்: "அப்பா, மாமா நம்மள ஏமாத்திட்டாவ. இருபது ராத்தல்னு போட்டு மெல்லிசுத் தாளைத் தந்திருக்காவ."

ஆராதனைக்கு வந்திருந்த மாமா பக்கத்தில்தான் நின்றார். அப்பா என்னை அதட்டியிருக்கலாம். அதட்டாமல் மாமாவைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா மச்சான்?" என்று கேட்டார்.

மாமா நேரே எங்கள் வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள்.

"ஏட்டி, பழைய தாள் மேல புதுசை விரி" என்றார் மாமா. விரித்தேன். புதியது நான்கு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஒத்தைத் தாளை யாரும் நிறுக்க மாட்டாவ. கட்டு முழுசும் சேர்ந்துதான் இருபது ராத்தல். ரெண்டு கட்டுலயும் தாள் எண்ணிக்கை ஒண்ணுதான். தாள் பெரிசானா, அதே எடைக்கு மெலியத்தான் செய்யும். தேசப்படம் வரைய இடம் பத்தல, பெரிய தாளா வேணும்னு நீதானட்டி கேட்ட?"

கேட்டிருந்தேன். நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். அப்பா மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டார். கடையில் வேலை இருக்கிறது என்று மாமா கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறப்பதே இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமா உடன்குடிக் கருப்பட்டியோடு வந்தார். வாசற்படி ஏறாமல் பெட்டியை நீட்டி, "அஞ்சு ராத்தல் இருக்கும் அத்தான். நிறுத்துப் பாத்துட்டு உள்ள வைங்க" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மாமா வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் தராசு வாங்கிவர, சிரித்துக்கொண்டே ஓடினேன்.