காபிக் கொழுந்து

கண்ணுகளா, இதை எழுதும்போதே வெறுப்பாக இருக்கிறது. பாதி வெறுப்பு என் மேலேயேதான்.

ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் டைப் அடிக்கும் கடைக்குப் போன வருடம் ஒரு பேராசிரியர் வந்தார். சேலத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். சுதந்திரத்துக்குப் பிறகு மலைத்தோட்டங்களில் உழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆய்வுக் கட்டுரை போடப்போவதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். என் பாடப்புத்தகத்தில் வெள்ளைக்காரன் போனான், கொடி ஏறியது, அதோடு சரி. அதற்கப்புறம் நம் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி கிடையாது. இப்போதாவது வருகிறதே என்று ஓடிப்போய் அவருக்கு டீ வாங்கி வந்தேன்.

அவர் கொண்டுவந்ததோ வேறு யாரோ நீலகிரியைப் பற்றி எழுதிய கட்டுரை.

"நீலகிரிங்கிற எடத்துல ஏற்காடுன்னு போடுங்க. தேயிலைங்கிற எடத்துல காபி. ஒரே தட்டுல மாறிருமில்லங்க?"

மாறியது. தட்டியது என் விரல். 'பெண்கள் விடியலில் காபிக் கொழுந்து பறித்தனர்' என்று திரையில் நின்றது.

"சார், காபியில கொழுந்து பறிக்க மாட்டாங்க. பழந்தானுங்க. என் ஊட்டுக்காரியே வாழவந்தி எஸ்டேட்ல பழம் பறிக்கறவதான்."

"இத யாருங்க படிக்கப் போறா? பிரமோஷனுக்கு எத்தன கட்டுரைன்னுதான் எண்ணுவாங்க. அனுப்பி உடுங்க."

அனுப்பினேன். ஏதோ ஒரு ஆராய்ச்சி இதழ் நாலே நாளில் அதை வெளியிட்டது. இரண்டு வல்லுநர்கள் படித்துச் சரிபார்த்ததாக முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். த்தூ. இந்த மலையில் ஒரு ஆடு மேய்க்கிறவர் படித்திருந்தாலும் அந்த வரியிலேயே நிறுத்தியிருப்பார்.

பெரியவளே, நேற்று சாயந்திரம் நீ அழுதுகொண்டு ஊட்டுக்குள் வந்தாயே. மாவட்டப் போட்டிக்கு 'எங்கள் மலையின் வரலாறு' எழுதியிருந்தாய். 'என் அம்மா காபிப் பழம் பறிக்கிறார்' என்றதில் மிஸ் பழத்தை அடித்துச் சிவப்பு மையில் கொழுந்து என்று எழுதி, அப்படியே நல்ல பிரதியும் எழுத வைத்துவிட்டார்.

உன் அம்மா முதலில் சிரித்தாள். "கொழுந்தக் கிள்ளுனா மேஸ்திரி என்னையில்ல கிள்ளிப் போடுவாரு!" கொஞ்ச நேரம் கறை பிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அப்ப இத்தன வருசமா நான் என்னத்தப் பறிச்சேன்?" என்றாள்.

அந்தக் கொழுந்து எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. உடனே பேராசிரியருக்குப் போன் போட்டு, திருத்தம் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"திருத்தம்னு எழுதுனா கட்டுரையே போயிருமுங்க. எனக்குப் பிரமோஷனும் வந்தாச்சு. உடு சாமி, ஒரு வார்த்தைதான?"

இன்று காலை மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மிஸ் கீழே சேலத்திலிருந்து புதிதாக வந்தவர். "ஆராய்ச்சி இதழ்லயே வந்திருக்குங்களே" என்று செல்போனில் எடுத்துக் காட்டினார்.

"அத டைப் அடிச்சவனே நானுங்க, மிஸ்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "ஐயோ, கட்டுரைய நேத்தே அனுப்பிட்டேனுங்களே!"

ஆக, உன் அம்மா கொழுந்து பறிக்கிறவள் என்பது இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டாவது உன் பெயரில். பரிசு கிடைத்தால் அதையும் புத்தகமாகப் போடுவார்களாம். பரிசு கிடைக்கக்கூடாது என்று பெற்றவனே வேண்டிக்கொள்கிறேன். அந்த முதல் தட்டைத் தட்டியவன் உங்கள் அப்பன்.

உங்கள் அம்மா பறிப்பது பழம்.